16 குதிரைவலு எங்கே போனது? கிணற்றுக் கட்டில் வைத்துச் சரிபார்த்த டைனோ

பொடியன் கொழும்பில் தன் பைக்கை டைனோவில், அதாவது பைக்கின் வலுவை அளக்கும் மெசினில், ஏற்றி எடுத்த தாளை என் லேத் மேசையில் விரித்து வைத்தான். உச்ச வலு 113.4 குதிரைவலு. நானே கட்டிய டைனோவில் ஓட்டியபோது என் மடிக்கணினித் திரையில் நின்றது 97.6. அதே பைக், அதே ரயர், அதே சைலன்சர். இடையில் போனது மூன்று கிழமைதான்.

"அண்ணா, குறை நினைக்காதையுங்கோ. உங்கட மெசினில எங்கயோ பிழை இருக்கு."

"இருக்கும் தம்பி. அந்தத் தாளிலயும் இருக்கலாம். பைக்கை இஞ்ச விட்டுட்டுப் போ, தேடுவம்."

ஓகஸ்டில் தொடங்கிய தேடல் டிசம்பர் மழையில்தான் முடிந்தது. எந்த வேலை செய்தபோது எந்த இலக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று கொப்பியில் குறித்துக்கொண்டே வந்தேன். கராஜில் டைனோ கட்ட நினைப்பவருக்கு இது உதவும். காசு கொடுத்துப் பைக்கை ஏற்றி, ஒரு தாளோடு வீடு திரும்பும் பொடியன்களுக்கு அதைவிடக் கூடுதலாக உதவும் என்று நினைக்கிறேன்.

பைக் 2007ஆம் ஆண்டு ஹொண்டா சிபிஆர்600ஆர்ஆர். ஏற்றுமதி வகைக்கு ஹொண்டா சொன்ன வலு 13,500 சுற்றில் 120 பிஎஸ். பிஎஸ் என்பது 735.5 வாற்று, குதிரைவலு என்பது 745.7 வாற்று, ஆகவே 120 பிஎஸ் என்றால் 118 குதிரைவலு. அதுவும் எஞ்சினுக்குள் சுழலும் கிராங்குத் தண்டில் சொல்லும் கணக்கு. கியர், செயின், ரயர் எல்லாம் தங்கள் பங்கை எடுத்த பிறகு பின் சில்லில் வருவதைத்தான் எங்களைப் போன்றவர்களின் டைனோ பார்க்கிறது. பொடியன் கட்டுக்குருந்தை ஓட்டத்துக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தான். சைலன்சருக்கும் ரியூனிங்குக்கும் அவன் செலவழித்தது வளைகுடாவில் வேலை செய்யும் தமையன் அனுப்பிய காசு. 113 என்ற இலக்கம் அவனுக்கு அந்தக் காசுக்கான பற்றுச்சீட்டு மாதிரி. அதனால்தான் அந்த 16 குதிரையை நான் இலேசாக விடவில்லை.

என் டைனோ சடத்துவ வகை. திருகோணமலைப் பாலையூற்றில் உள்ள என் பட்டறையில் லேத் வேலைக்கு நடுவே எட்டு மாதமாகக் கட்டியது. பழைய இரும்புக் கடையில் கிடைத்த 508 மி.மீ. விட்டமுள்ள உருக்குக் குழாயை 600 மி.மீ. நீளத்துக்கு வெட்டினேன். சுவர்த் தடிப்பு 25 மி.மீ. இரண்டு முகத்துக்கும் 20 மி.மீ. தகடு, நடுவில் 60 மி.மீ. தண்டு, இரு பக்கமும் பிளமர் புளொக் பெயரிங். எல்லாமாக 250 கிலோ வரும். பைக்கின் பின்சில்லு இந்த உருளையில் நிற்கும், முன்சில்லு கவ்வியில் நிற்கும். கியரைப் போட்டு முழுத் திறொட்டிலும் கொடுத்தால் உருளை வேகம் எடுக்கும்.

இந்த மெசின் குதிரைவலுவை நேரே அளப்பதில்லை. அது அளப்பது நேரத்தை மட்டும்தான்: உருளை ஒரு சுற்றுச் சுற்ற எத்தனை செக்கன். அதிலிருந்து கோண வேகம், அது கூடும் விதத்திலிருந்து கோண ஆர்முடுகல். உருளையின் சடத்துவத் திருப்பத்தை (அதைச் சுழல வைப்பது எவ்வளவு கடினம் என்பதன் அளவு) ஆர்முடுகலாலும் வேகத்தாலும் பெருக்கினால் வாற்றில் வலு வரும். பள்ளிக்கூடத்தில் படித்த அதே பௌதிகம்தான். ஆனால் அந்தப் பெருக்கலில் உருளையின் சடத்துவத் திருப்பம் 3 சதவீதம் பிழைத்தால் வரும் ஒவ்வொரு தாளும் 3 சதவீதம் பிழைக்கும். எத்தனை தரம் ஓட்டினாலும் அதே பிழை அப்படியே திரும்பி வரும். அதனால் மெசின் ஒழுங்காக வேலை செய்வது போலவே இருக்கும்.

வலுவை அளக்கும் ஆசை பழையது. 1821இல் பிரான்சில் டி புரோனி சுழலும் தண்டை மரக்கட்டையால் இறுக்கிப் பிடித்து, அது இழுக்கும் விசையைத் தராசில் பார்த்தார். 1877இல் வில்லியம் ஃப்ரூட் பிரித்தானியக் கடற்படையின் கப்பல் எஞ்சின்களை அளக்க நீரால் பிடிக்கும் பிறேக்கைச் செய்தார். அந்தக் கடற்படை 1957 வரை எங்கள் துறைமுகத்தில் நின்றது. உள்துறைமுகப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும். பிறேக் வகை டைனோவில் எஞ்சினை ஒரே வேகத்தில் பிடித்து வைத்து, விசையைத் தராசில் நேரே வாசிக்கலாம். தராசைத் தெரிந்த எடையால் சரிபார்க்கலாம். சடத்துவ வகையில் அந்தத் தராசு இல்லை. உருளைதான் எடைக்கல். அந்த எடைக்கல்லை யாராவது ஒருமுறையாவது நிறுத்துப் பார்க்க வேண்டும்.

நான் நிறுக்கவில்லை. குழாயின் அளவுகளை வைத்துத் தாளில் கணக்குப் போட்டேன். 11.8 கிலோகிராம் சதுர மீற்றர் என்று வந்தது. அதையே நிரலில் எழுதிவிட்டேன். பொடியன் போன அன்று இரவு எனக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

சரிபார்க்கும் வழி எளிது. உருளையில் கம்பியைச் சுற்றி, நுனியில் தெரிந்த எடையைத் தொங்கவிட்டு, அது குறித்த தூரம் விழ எடுக்கும் நேரத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் என் உருளை நிலத்தோடு நிலமாகக் கிடக்கிறது. எடை விழ இரண்டு மீற்றர் இடம் வேண்டும். கப்பி வைத்து மேலே கொண்டு போகலாம்தான், ஆனால் கப்பியின் உராய்வும் கணக்கில் புகுந்துவிடும். அடுத்த நாள் காலை முகம் கழுவப் பின்வளவுக்குப் போனபோது கிணறு கண்ணில் பட்டது. ஓகஸ்டில் தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது; கட்டிலிருந்து நாலு மீற்றருக்கு வெறும் காற்று.

செயின் புளொக்கும் நாலு பேரும் இருந்தால் 250 கிலோ பெரிய விசயமில்லை. பிரேமோடு உருளையைக் கிணற்றுக் கட்டுக்குக் குறுக்கே இரண்டு எச் பீமில் ஏற்றி வைத்தோம். பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தம்பி, கிணத்துக்குப் புது மோட்டரோ?" என்று கேட்டா. மோட்டர் இல்லை, பைக்கின் வலுவை அளக்கும் மெசினைச் சரிபார்க்கிறோம் என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, எடை தண்ணீருக்குள் விழுந்தால் எடுக்கத் தன்னிடம் பாதாளக் கரண்டி இருக்கிறது என்றா. அது ஒருமுறை தேவைப்பட்டது.

எடைகள் இரும்புக் கட்டிகள், 10 கிலோ வீதம் இரண்டு. மீன் வாடியில் முத்திரை குத்திய தராசில் நிறுத்துச் சரிசெய்து கொண்டுவந்தேன். கம்பி 2 மி.மீ. உருக்குக் கம்பி. நைலோன் வேண்டாம், அது இழுபடும். கம்பியின் பாதித் தடிப்பையும் ஆரையோடு சேர்க்க வேண்டும். 254 இல்லை, 255 மி.மீ. இந்த ஒரு மில்லிமீற்றரை மறந்தால் விடை முக்கால் சதவீதம் பிழைக்கும்.

ஏன் இரண்டு எடை? பெயரிங்கின் உராய்வு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. ஒரே எடையில் அளந்தால் உராய்வு சடத்துவம் போல் வேடம் போடும். இரண்டு எடையில் அளந்து ஒன்றை மற்றதிலிருந்து கழித்தால் உராய்வு விழுந்துவிடும். 10 கிலோ 2 மீற்றர் இறங்க 2.90 செக்கன், 20 கிலோவுக்கு 2.08 செக்கன். கை மணிக்கூட்டை நம்பவில்லை. செக்கனில் நூறில் ஒன்று பிழைத்தால் விடை 2 சதவீதம் ஆடும். உருளையின் சென்சரையே மணிக்கூடாக வைத்து ஒவ்வொரு எடையிலும் பத்துத் தரம் விட்டேன். கணக்கு முடிந்தபோது வந்தது 12.2.

11.8 எப்படி 12.2 ஆனது? கிணற்றுக் கட்டில் குந்தியிருந்தபடியே கலிப்பரால் குழாயின் சுவரைப் பார்த்தேன். முதலில் அளந்தது ஒரே ஒரு இடத்தில். இப்போது சுற்றிவர அளந்தால் 25இலிருந்து 27 வரை வந்தது. குழாய் கடையில் விற்கும்போது எழுதும் தடிப்பு பெயருக்குத்தான். அத்தோடு வெல்டிங் போட்ட இரும்பும் பல் வளையமும் கணக்கில் இல்லை. நிரலில் 12.2 என்று திருத்தினேன். 97.6 அப்படியே 100.9 ஆனது. பைக்கை யாரும் தொடவில்லை.

பல் வளையம் என்று சொன்னேன் அல்லவா, அதன் பிழை இதற்கும் முந்தியது. வேகம் அறிய உருளையின் தண்டில் 60 பல் உள்ள வளையம் வெட்டி, காந்தத்தால் பல்லை உணரும் ஹோல் சென்சர் வைத்து, ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையில் வாசித்தேன். முதல் ஓட்டத்தில் கோடு மீன் முள்ளு மாதிரி வந்தது. மேலும் கீழும் ஆறு ஆறு குதிரை துள்ளியது. எஞ்சின் அப்படித் துள்ளாது. நான் கையால் பிரித்து வெட்டிய பற்களின் இடைவெளிதான் சமனில்லை. வலு என்பது வேகம் மாறும் விதத்திலிருந்து எடுப்பது, அதனால் இடைவெளியில் ஒரு மயிரிழைப் பிழையும் வலுவில் மலையாகத் தெரியும். பற்களைத் திருத்தாமல் வாசிப்பை மாற்றினேன்: ஒரே பல் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்ப வரும் நேரத்தை மட்டும் எடுத்தேன். வேகம் கூடிய இடத்தில் உருளை செக்கனுக்கு 36 சுற்றுச் சுற்றும். அத்தனை புள்ளி போதும். கோடு அமைதியானது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெரும்பாலான டைனோ மென்பொருள்களில் கோட்டை வழவழப்பாக்கும் ஒரு தெரிவு உண்டு. அதைக் குறைத்து வைத்தால் துள்ளலின் நுனியே உச்ச வலு என்று அச்சாகும். கூட்டி வைத்தால் உண்மையான உச்சியும் பள்ளமும் சேர்ந்து மழுங்கும். இரண்டு தாளை ஒப்பிடுகிறவர் இரண்டிலும் அந்தத் தெரிவு ஒரே அளவில் இருந்ததா என்று கட்டாயம் கேட்க வேண்டும். பொடியனின் தாளை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். கோடு ஒழுங்காகவே இருந்தது. அந்தக் குற்றம் அங்கே இல்லை.

அடுத்தது காற்று. இங்கே திருகோணமலைக்காரர் எல்லாரும் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் எங்கள் காற்று டைனோவுக்கு லேசான காற்று இல்லை.

எஞ்சின் பெற்றோலை எரிப்பது காற்றில் உள்ள ஒட்சிசனோடு சேர்த்து. காற்று சூடானால் ஐதாகும். ஈரம் கூடினால் நீராவி ஒட்சிசனின் இடத்தைப் பிடிக்கும். ஓகஸ்ட் பின்னேரம் ஒன்றில் என் பட்டறையில் 33 பாகை, அமுக்கம் 1008 ஹெக்டோபாஸ்கல், ஈரப்பதன் 60 சதவீதம். அதே எஞ்சின் நுவரெலியாவில் வேறு வலு தரும், சென்னையில் வேறு தரும். ஒப்பிட ஒரு பொதுக் காற்று வேண்டும் என்பதற்காகத்தான் எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியியலாளர் சங்கத்தின் ஜே1349 என்ற நியமம் 25 பாகை, 990 ஹெக்டோபாஸ்கல் உலர் காற்று என்று ஒரு நிலையை வகுத்து, அளந்த வலுவை அந்த நிலைக்கு மாற்றும் பெருக்கியைத் தந்தது. பெருக்கி இதுதான்:

1.18 × (990 ÷ உலர் காற்றின் அமுக்கம்) × √((வெப்பநிலை + 273) ÷ 298) − 0.18

இதில் 'உலர்' என்ற சொல்லைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். பாரமானி காட்டும் 1008ஐ அப்படியே போட்டேன் என்று வையுங்கள், பெருக்கி 0.994. அதாவது எஞ்சின் கொஞ்சம் கூடுதலாகக் காட்டுகிறது, குறைத்துக்கொள் என்று சொல்லும். ஆனால் 33 பாகையில் நிரம்பிய நீராவியின் அமுக்கம் 50 ஹெக்டோபாஸ்கல்; 60 சதவீதம் என்றால் 30. அதைக் கழித்தால் உலர் காற்று 978 மட்டும்தான். இப்போது பெருக்கி 1.030. ஈரப்பதனைப் பார்க்காமல் விட்ட ஒரே காரணத்தால் 100 குதிரையில் மூன்றரைக் குதிரைக்கு மேல் ஆடுகிறது. கடற்கரை ஊரில் ஈரமானி இல்லாத டைனோவுக்கு இதுதான் நிலை.

ஈரமானியும் வெப்பமானியும் எங்கே தொங்குகின்றன என்பதும் முக்கியம். நான் முதலில் சுவரில், எஞ்சினுக்குப் பக்கமாக வைத்திருந்தேன். மூன்று ஓட்டம் முடிய அது 42 பாகை காட்டியது. வாசலில் 33. அந்த 42ஐ நம்பியிருந்தால் பெருக்கி 1.048 ஆகியிருக்கும், இல்லாத இரண்டு குதிரையை மெசின் எங்களுக்குத் தந்திருக்கும். சூடான இடத்தில் சென்சரை வைத்துத் தாளைக் கொழுக்க வைப்பது எவ்வளவு லேசு என்று அன்றைக்குத்தான் விளங்கியது. இப்போது அது பைக்கின் காற்று வாய்க்குப் பக்கத்தில், கந்தளாய் நெல் ஆலையில் கழித்த பெரிய காற்றாடியின் ஓட்டத்துக்குள் தொங்குகிறது.

அமுக்கத்துக்கும் ஒரு எச்சரிக்கை. வானிலை அறிக்கையில் வரும் அமுக்கம் கடல்மட்டத்துக்குக் கணக்கிட்டது. எங்களுக்கு அது பிரச்சினை இல்லை, நாங்கள் கடல்மட்டத்தில்தான் இருக்கிறோம். 1,800 மீற்றருக்கு மேலே உள்ள நுவரெலியாவில் ஒருவர் அந்த இலக்கத்தைப் போட்டால் கதை கெட்டுவிடும். அங்கே உண்மையான அமுக்கம் ஐந்தில் நாலு பங்குதான்.

100.9ஐ 1.030ஆல் பெருக்கினேன். 103.9.

மீதி வேலை பைக்கிலும் நான் அதைக் கட்டிய விதத்திலும் இருந்தது. பின் ரயரில் காற்று 28தான் நின்றது. பைக் துள்ளாமல் இருக்கப் பின்பக்கத்து வார்ப்பட்டியை நான் பயத்தில் மிதமிஞ்சி இறுக்கியிருந்தேன். ரயர் உருளைமேல் பிதுங்கிக்கொண்டு கிடந்தது. ஒவ்வொரு சுற்றிலும் ரப்பர் மடிந்து விரிந்து வலுவைச் சூடாக்கியது. ஓட்டம் முடிந்த கையோடு ரயரைத் தொட்டால் கை சுட்டது. ரயருக்கு 42 அடித்து, வார்ப்பட்டியைத் தளர்த்தினேன். தளர்த்தினால் வழுக்கும் என்ற பயம் வரும். அதற்குப் பரிசோதனை உண்டு: எஞ்சின் சுற்றையும் உருளைச் சுற்றையும் ஒன்றாகப் பதிந்து, எஞ்சின் சுற்றை உருளைச் சுற்றால் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரே கியரில் அந்த விகிதம் தொடக்கத்திலிருந்து முடிவு வரை நேர்கோடாக நிற்க வேண்டும். மேல்சுற்றில் விகிதம் ஏறினால் ரயர் வழுக்குகிறது. எனக்கு நேராகவே நின்றது. 105.0.

கியர் விசயம் எனக்கே புதுப் பாடம். உருளையைக் கத்திமுனைக் கோணிரும்பில் உருட்டி, பாரமான பக்கம் கீழே வருகிறதா என்ற நிலைச் சமன்தான் பார்த்திருந்தேன். மணிக்கு 150 கிலோமீற்றருக்கு மேல் தரை அதிர்ந்தது. அதனால் இரண்டாம் கியரிலேயே எல்லா ஓட்டத்தையும் எடுத்தேன்; மூன்று செக்கனில் ஓட்டம் முடிந்துவிடும். ஆனால் அந்த மூன்று செக்கனில் எஞ்சின் என் உருளையை மட்டும் வேகப்படுத்தவில்லை. தன் கிராங்கை, கிளச்சை, செயினை, பின்சில்லை, டிஸ்க்கை எல்லாம் வேகப்படுத்துகிறது. அதற்குப் போகும் வலு என் உருளைக்கு வராது. குறைந்த கியரில் எஞ்சின் விறுவிறென்று சுற்றேறும், அப்போது இந்த மறைவான செலவு கூடும். உருளை பாரம் குறைந்ததாக இருந்தாலும் அப்படித்தான். ஆகவே ஒரே பைக் பாரமான உருளையில் கூடவும் பாரம் குறைந்த உருளையில் குறையவும் காட்டும். இரண்டு மெசினும் தங்கள் அளவில் உண்மையைத்தான் சொல்கின்றன.

உருளையை லொறியில் கொழும்புக்கு அனுப்பிச் சுழல் சமன் செய்து எடுப்பித்தேன். மேலே 6 மி.மீ. தகட்டில் மூடியும் போட்டேன். இதில் மட்டும் யாரும் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. 250 கிலோ இரும்பு நிமிடத்துக்கு 2,000 தடவைக்கு மேல் சுற்றும்போது பக்கத்தில் நிற்பது மனிதர். பிறகு நாலாம் கியரில் ஓட்டினேன். உருளை மணிக்கு 200 கிலோமீற்றரைத் தாண்டியது, ஓட்டம் ஆறு செக்கன் எடுத்தது. ஐந்து ஓட்டம்: 106.4, 107.5, 107.0, 106.7, 107.4. சராசரி 107.0.

பொடியனைக் கூப்பிட்டேன். அவனுடைய தாளின் அடியில், கண்ணுக்குத் தெரியாத எழுத்தில், எஸ்ரிடி என்று அச்சாகியிருந்ததைக் காட்டினேன். அது பழைய ஜே607 நியமம்: 15.5 பாகை, 1013 ஹெக்டோபாஸ்கல், உலர் காற்று. குளிர்ந்த, அடர்த்தியான காற்று. அந்த நியமத்தில் அச்சடித்தால் ஜே1349இல் வருவதைவிட 4 சதவீதம் கூட வரும். பிழை என்று சொல்ல முடியாது, அதுவும் ஒரு நியமம்தான். ஆனால் அவனுக்கு அதை ஒருவரும் சொல்லவில்லை. 113.4ஐ 1.04ஆல் பிரித்தோம். 109.0.

"அப்ப ரெண்டு குதிரைதான் வித்தியாசமோ?"

"ரெண்டுதான். அவையின்ர உருளை என்ரயைவிடப் பாரமா இருக்கலாம். வேற டைனோ, வேற நாள், வேற ரயர் வெப்பம். ரெண்டு சதவீதத்துக்குள்ள வந்தா நான் சண்டை பிடிக்கமாட்டன்."

அவன் முகம் தெளிந்தது. செலவழித்த காசு வீண் போகவில்லை என்று விளங்கியதும் அவன் முதலில் செய்த வேலை தமையனுக்கு அழைப்பு எடுத்ததுதான்.

அவன் கேட்ட இன்னொரு கேள்வி, 107ஐ வைத்துக் கிராங்கில் எவ்வளவு என்று சொல்ல முடியுமா என்பது. பலர் கண்ணை மூடிக்கொண்டு 15 சதவீதம் வழியில் இழந்தது என்று வைத்துக் கூட்டுவார்கள். 107ஐ 0.85ஆல் பிரித்தால் 126 வரும், கேட்க இனிக்கும். ஆனால் அந்த இழப்பு எல்லாப் பைக்குக்கும் எல்லா வேகத்துக்கும் ஒரே சதவீதமாக இருக்காது. செயினின் இறுக்கம், கியர் எண்ணெயின் சூடு, ரயரின் காற்று எல்லாம் அதை மாற்றும். நான் அந்தக் கூட்டலைச் செய்வதில்லை. சில்லில் அளந்தால் சில்லின் இலக்கத்தையே எழுதுகிறேன்.

ராம் எயார் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த வகைப் பைக்குகள் ஓடும்போது முகப்பில் மோதும் காற்றை எயார் பொக்சுக்குள் அமுக்கிச் சேர்க்கும். கவாசாகி தன் நிஞ்சா எச்2ஆருக்கு 310 பிஎஸ் என்றும், ராம் எயாரோடு 326 பிஎஸ் என்றும் இரண்டு இலக்கம் போடுகிறது. நின்ற இடத்தில் ஓடும் பைக்குக்கு 200 கிலோமீற்றர் காற்றை நெல் ஆலைக் காற்றாடி கொடுக்காது. அந்தப் பங்கை எந்தக் கராஜ் டைனோவிலும் தேடக் கூடாது. வீதியில் தேடவும் கூடாது. நிலாவெளி வீதியில் மாடு படுத்திருக்கும், நகருக்குள் மான் குறுக்கே வரும்.

அந்த ஐந்து ஓட்டங்களைத் திரும்பப் பாருங்கள். எதையும் மாற்றாமலே 106.4க்கும் 107.5க்கும் நடுவில் 1.1 குதிரை ஆடுகிறது. இதுதான் என் மெசினின் கைநடுக்கம். ஒரு குதிரை கூட்டும் என்று விற்கும் எந்தச் சாமானையும் இதில் ஒரே ஓட்டத்தில் நிரூபிக்க முடியாது. பொடியன் வாங்கி வைத்திருந்த எயார் ஃபில்டரின் பெட்டியில் 3 குதிரை என்று எழுதியிருந்தது. பழையதைப் போட்டு மூன்று ஓட்டம், புதியதைப் போட்டு மூன்று, திரும்பப் பழையதைப் போட்டு மூன்று. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் தண்ணீர் வெப்பநிலை 85க்கு இறங்கும் வரை காத்திருந்தோம். மூன்றின் சராசரிகள்: 107.1, 107.4, 107.3. கடைசியில் பழையதுக்குத் திரும்பியிருக்காவிட்டால் புது ஃபில்டர் 0.3 தந்தது என்று எழுதியிருப்போம். எஞ்சின் பதமாகச் சூடேறியதன் பலனை ஃபில்டரின் கணக்கில் வைத்திருப்போம். பழைய ஃபில்டர் சுத்தமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அடைபட்ட ஃபில்டரோடு ஒப்பிட்டிருந்தால் முடிவு வேறாக வந்திருக்கலாம். அவன் புதியதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதுச் செயின் வாங்கினான்.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் மீதி இருந்தது. காற்றுக்கான அந்தப் பெருக்கி எங்கள் ஊர்க் காற்றுக்கு உண்மையில் சரியாக வேலை செய்கிறதா? ஒரே பருவத்தில் அளந்தால் அது தெரியாது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எடுத்ததை வாடைக்காலத்தில் எடுத்துப் பார்க்க வேண்டும். பொடியனிடம் பைக்கில் எதையும் மாற்றாதே என்று சொல்லிக் காத்திருந்தேன்.

டிசம்பரில் ஒரு காலை, தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது, தார்ப்பாயால் மூடி ஏற்றிக்கொண்டு வந்தான். 26 பாகை, 1011 ஹெக்டோபாஸ்கல், ஈரப்பதன் 85 சதவீதம். ரயருக்கு அதே 42, அதே நாலாம் கியர், வார்ப்பட்டியில் நான் கோடு போட்டு வைத்த அதே இறுக்கம். ஐந்து ஓட்டத்தின் சராசரி, திருத்தாமல், 105.6. ஓகஸ்டில் திருத்தாத இலக்கம் 103.9தான். குளிரும் கூடிய அமுக்கமும் 1.7 குதிரை கூட்டியிருந்தன. பெருக்கி 1.011. பெருக்கினேன். 106.8.

ஓகஸ்டின் 107.0க்கு அடியில் அதை எழுதி, பக்கத்தில் வெப்பநிலை, அமுக்கம், ஈரப்பதன், கியர், ரயர்க் காற்று, நியமத்தின் பெயர் எல்லாவற்றையும் எழுதினேன். பொடியன் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக்கொண்டு, மழை விடும் வரை உருளைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து தேத்தண்ணி குடித்தான்.